இட்வலின் பாதிச் சாம்பல்

இட்வல் ப்ராதரோ இறந்தபோது ஹார்த்வைட் ஊரே அழுதது. அவர் மனைவி தெல்மாவும் அழுதாள், ஆனால் கொஞ்சம்தான். அழுகைக்கு நடுவிலேயே அவள் காதில் ஒரு செய்தி விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அவளுக்கு அழ நேரமில்லை.

ஊர் அழுததில் நியாயம் இருந்தது. யார்க்ஷயரின் நிலக்கரி ஊர்களில் ரக்பி லீக் பிடிக்காதவனுக்குப் பெண் கொடுக்க இரண்டு முறை யோசிப்பார்கள். அங்கே வளர்ந்த தடியன்களுக்கு நடுவே இந்தக் குள்ள வேல்ஸ்காரர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது காலை ஊன்றி ஒரு வெட்டு வெட்டித் திரும்புவார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சேற்றில் கிடப்பார்கள். ஆடி முடித்த பிறகு பயிற்சியாளரானார். தேறாத அணி என்று எல்லோரும் கைகழுவிய ஹார்த்வைட்டைக் கோப்பை ஆட்டத்துக்கு லண்டன்வரை கூட்டிக்கொண்டு போனார். கூட்டிக்கொண்டும் வந்தார், கோப்பையோடு. பையன்களைத் திட்டவே மாட்டார். தப்பு செய்தவனை வீட்டுக்கு அழைத்துவந்து தெல்மாவின் உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சிக் கூழைச் சாப்பிட வைத்து, “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று அனுப்புவார். திட்டு தெல்மாவிடமிருந்து வந்தது. அதை வாசலில் வைத்துக் கொடுப்பாள்.

“அடிச்சவன் மூஞ்சியைப் பார்க்காதே. ஸ்கோரைப் பாரு.” அவர் பயிற்சியின் மொத்தச் சாரமும் இவ்வளவுதான். தெல்மாவுக்கு இது ஒத்தே வராது. அவர் ஆடிய நாளில் எதிரணிக்காரன் ஒருவன் நடுவர் பார்க்காத நேரத்தில் அவர் தாடையைப் பெயர்த்தான். அடுத்த நிமிடம் தடுப்புக் கம்பியைத் தாண்டி மைதானத்துக்குள் போன தெல்மா, குடையால் அவன் மண்டையில் போட்டாள். காவல்காரர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பேச முடியாத தாடையோடு இட்வல் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிப்பட்டவரோடு அப்படிப்பட்டவள் எப்படிக் குடித்தனம் செய்தாள் என்று கேட்டால், நன்றாகத்தான் செய்தாள். அவர் மறந்ததையெல்லாம் அவள் ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

அவர் மறந்ததில் பெரியது ஒன்று உண்டு.

ரக்பி என்பது ஒரே பந்தும் இரண்டு வீடும். வடக்கே லீக், ஆடினால் கூலி. இட்வல் பிறந்த வேல்ஸில் யூனியன். ஆடினால் கைதட்டல் மட்டும். யூனியன்காரன் வடக்கே போய்க் கூலி வாங்கினால் தொலைந்தான். ஆயுளுக்கும் தள்ளிவைப்பார்கள். சுவரில் இருக்கும் அவன் படத்தைக் கழற்றுவார்கள். மன்றத்துக்குள் ஒரு கோப்பை பீர்கூட அவனுக்குக் கிடையாது. இட்வல் இருபத்திரண்டு வயதில் கும்ஹவல் என்ற தன் மலையூரைவிட்டு வடக்கே வந்து ஹார்த்வைட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். சுரங்கத்தில் இருமிக்கொண்டிருந்த அப்பாவை மேலே எடுக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த அப்பா இறந்தபோது இட்வலும் தெல்மாவும் கைக்குழந்தை ரஸ்ஸலோடு கும்ஹவலுக்குப் போனார்கள். அடக்கம் முடிந்ததும் தேநீரும் ரொட்டியும் ரக்பி மன்றத்தில். அந்த மனிதர்தான் வருஷக்கணக்காக அந்த மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர். ஊரே உள்ளே போனது. வாசலில் மன்றச் செயலாளன் ஹைடன் பெவன் கையைக் குறுக்கே நீட்டினான்.

“மனைவி வரலாம். குழந்தை வரலாம். இட்வல் வரக்கூடாது. விதி அப்படி.”

சவப்பெட்டி தூக்கிய தோளோடு இட்வல் மழையில் நின்றார், குழந்தையோடு தெல்மாவும் நின்றாள். உள்ளே அவர் அப்பா பேரைச் சொல்லிப் பன்றியிறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. தெல்மா அன்று ஹைடனின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். அவன் இட்வலின் கண்ணைப் பார்க்கவே இல்லை. திமிர் என்று நினைத்தாள்.

“அவனைத் திட்டாதே தெல்மா,” என்றார் இட்வல் பேருந்தில். “அவன் நிலைமை அவனுக்கு.”

“என்ன நிலைமை? கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற நிலைமையா?”

இட்வல் குழந்தையின் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

இப்போது இட்வலின் இறுதிச் சடங்கு அன்று நடந்ததற்கு வருவோம். ஹார்த்வைட் மைதானத்தைச் சவ வண்டி ஒரு சுற்று சுற்றியது. எதிரணி ஊர்க்காரர்கள்கூடக் கழுத்துத் துண்டைக் கழற்றிக் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் தொழிலாளர் மன்றத்தில் எல்லோரும் உட்கார்ந்து இறைச்சிப் பணியாரம் தின்று அவர் கதைகளைப் பேசினார்கள். இட்வலோடு ஆடிய கிளிஃப் ஹார்டகர் தெல்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெயருக்குத்தான் மூக்கு, முகத்தின் எந்தப் பக்கமும் அது நேராக நின்றதில்லை.

“இட்வல் சோதனை ஆட்டம் ஆட வந்தப்போ கூட ஒருத்தனும் வந்தான் தெரியுமா?” என்றான்.

தெல்மாவுக்குத் தெரியாது. சோதனை ஆட்டம் எப்படி என்று தெரியும். யூனியன் பையன்கள் ரகசியமாக வந்து ஒரு சனிக்கிழமை ஆடிப்பார்ப்பார்கள். ஊரில் தெரிந்தால் தடை என்பதால், ஆட்டச் சீட்டில் பேர் போட மாட்டார்கள். ‘இன்னொருவர்’ என்று அச்சடிப்பார்கள்.

“அன்னிக்கு ரெண்டு இன்னொருவர். ஒண்ணு இட்வல். இன்னொண்ணு அவர் ஊர்க்காரன், நல்ல உயரம். ஆட்டம் தொடங்கினதுமே நான் ஒரு இடி கொடுத்தேன். அவ்வளவுதான், மிச்ச நேரம் ஓரத்துல கொடிக்கம்பம் மாதிரி நின்னான். முடிஞ்சதும் இட்வலுக்குப் பேனா கொடுத்தாங்க. அவனுக்கு ரயில் செலவும் ஒரு பணியாரமும். ஸ்டேஷன்ல இட்வல் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதான். ஊர்ல சொல்லிடாதே, சொன்னா என்னையும் தள்ளிவெச்சிருவாங்கன்னு.”

“பேர் என்ன?”

“பெவன். ஹைடன் பெவன்.”

தெல்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல?”

“இட்வல் வேண்டாம்னுட்டாரு. யார்கிட்ட சொன்னாலும் தெல்மாகிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு.”

“ஏன்?”

கிளிஃப் அவளை ஒரு தடவை பார்த்தான். “உன்னைக் கட்டிக்கிட்டவருக்கு உன்னைத் தெரியாதா?”

அன்று மழையில் இட்வல் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தச் செயலாளனும் வெளியே வந்து பக்கத்தில் நின்றிருப்பான். சொல்லவில்லை. அப்பாவின் தேநீரைவிடக் கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிதாக இருந்தது. தெல்மாவுக்கு வயிறு எரிந்தது. தன் கணவர்மேலும் எரிந்தது. இந்த நல்லவர்கள் எல்லாம் மற்றவர்கள் செலவில்தான் நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் செத்தவரோடு சண்டை போட முடியாது. உயிரோடிருப்பவன் ஒருவன் இருந்தான்.

அவனே தொலைபேசியில் வந்தான். போன வருஷம் யூனியன்காரர்களும் ஆட்டத்துக்குக் கூலி கொடுப்பது என்று முடிவுசெய்துவிட்டார்கள். ஒரே ராத்திரியில் பாவம் புண்ணியமாகிவிட்டது. ஹைடன் பெவன் இப்போது மன்றத் தலைவன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இது தெல்மா பக்கத்துக் கதை, அதனால் ‘அவன்’தான்.

“தெல்மாம்மா, நம்ம இட்வலுக்கு நாங்க ஏதாவது செய்யணும்,” என்றான் தழுதழுத்து. “புதுக்கூடத்துக்கு அவர் பேர் வைக்கறோம். படம் மாட்டறோம். நீங்க வரணும். அவரோட சாம்பல்ல ஒரு பிடி நம்ம மைதானத்துல...”

நம்ம இட்வல். தெல்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். சாம்பல் விஷயம் அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இட்வலே கேட்டிருந்தார்: பாதி இங்கே, பாதி அங்கே, கோல் கம்பத்தடியில். அவள் தலையை ஆட்டியிருந்தாள். ஆட்டாமல் என்ன செய்வது.

“கண்டிப்பா வரேன்ப்பா,” என்றாள். குரலில் சர்க்கரை சொட்டியது. அடுப்படியிலிருந்த மகன் ரஸ்ஸல் எட்டிப் பார்த்தான்.

“அம்மா, என்ன செய்யப்போற?”

“சாப்பாடு போடறாங்க. சாப்பிடப் போறேன்.”

“அப்பாவுக்குப் பிடிக்காத எதையும் செய்யமாட்டியே?”

“உங்கப்பாவுக்குப் பிடிக்காததைச் செய்யாம இருந்தா நீ பொறந்தே இருக்கமாட்டே. வண்டியக் கழுவு.”

கும்ஹவல் மன்றத்தில் ஞாயிறு மதியச் சாப்பாடு. ஆட்டுக்கறி, புதினாச் சாறு, வெள்ளை மேசைவிரிப்பு. முப்பது நாற்பது கிழவர்கள், அவர்கள் மனைவிமார், பேரப்பிள்ளைகள். எல்லோர் மார்பிலும் மன்றச் சின்னம். சுவரில் இட்வலின் பெரிய படம், பட்டுத் துணி போர்த்திக்கொண்டு காத்திருந்தது. பாடகர் குழு ஒரு துதிப்பாடல் பாடியது. நன்றாகத்தான் பாடினார்கள், அதற்காக ஒன்றும் சொல்வதற்கில்லை. தெல்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மடியில் பாதிச் சாம்பல் இருந்த குடுவை. பக்கத்து நாற்காலியில் ஹைடன் பெவன். வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு, கையில் நாலாக மடித்த உரை.

அவன் கறியை வெட்டத் தொடங்கியதும் தெல்மா அவன் பக்கம் சாய்ந்தாள்.

“அன்னிக்கு ஹார்த்வைட்ல பணியாரம் சூடா இருந்ததா, ஹைடன்?”

கத்தி நின்றது.

“எந்தப் பணியாரம்?”

“ரயில் செலவோட சேர்த்துக் கொடுத்தாங்களே. ரெண்டு இன்னொருவர்ல நீ எந்த இன்னொருவர்?”

முகத்தில் ரத்தம் இறங்குவதை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாக இறங்கலாமே என்றிருந்தது.

“இட்வல் சொன்னாரா?” என்றான் உதடு அசையாமல்.

“அவர் சொல்லல. சடங்கு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. கடைசிவரைக்கும் உன்னைக் காப்பாத்தினாரு. நீ என்ன பண்ணே?”

“பயம்மா. அவரை உள்ளே விட்டா, நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசறேன்னு கேப்பாங்க. நோண்டுவாங்க. என் வேலை, என் அப்பா பேரு... பேரப்பசங்க எல்லாரும் இங்க உக்காந்திருக்காங்க, தெல்மாம்மா. கெஞ்சிக் கேக்கறேன்.”

“என் குழந்தையும் அன்னிக்கு மழையிலதான் இருந்துச்சு. நீயா எழுந்து சொல்லு. நீ சொன்னா நான் வாயத் திறக்கல.”

ஹைடன் பெவன் எழுந்து பேசினான். நல்ல பேச்சாளன். இட்வலின் இடதுகால் வெட்டைப் பற்றிச் சொன்னான். பயிற்சியாளராகக் கோப்பை வென்றதைச் சொன்னான். கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். விதியின் பேரால் ஒரு தவறு நடந்துவிட்டது, வருந்துகிறேன் என்றான். தெல்மா காத்திருந்தாள். ஒரு நொடி அவளைப் பார்த்தான். பேரப்பிள்ளைகள் இருந்த மேசையைப் பார்த்தான். பிறகு, பழக்க தோஷமோ என்னவோ, இத்தனை வருஷம் எல்லா மேடையிலும் முடித்தது மாதிரியே முடித்தான்.

“வடக்கே போற ரயிலை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல. ஆனா பார்த்தவங்கள்ல ஒருத்தர் நம்மையெல்லாம்விடப் பெரிய ஆளானார்னு ஒத்துக்கறேன்.”

கைதட்டல். அவன் உட்கார்ந்தான்.

தெல்மா எழுந்தாள். பேச்சு ஒன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

“இவர் ரயிலைத் திரும்பிப் பார்க்கல,” என்றாள். “ஏறியே வந்தாரு. என் வீட்டுக்காரரோட ஒரே பெட்டியில. ஹார்த்வைட்டுக்குச் சோதனை ஆட்டம் ஆடினாரு, தேறல, திரும்பி வந்தாரு. இட்வலைக் கெஞ்சி வாக்கு வாங்கிக்கிட்டு வந்தாரு. அப்புறம் இந்த வாசல்லயே நின்னு, பெத்த அப்பாவோட சாவுச் சோத்துக்கு அந்த இட்வலை உள்ளே விடல.”

தெல்மா நின்றுகொண்டே இருந்தாள். இதற்காகத்தான் வந்தாள். கூரை இடிந்து அவன் தலையில் விழும் சத்தத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

விழுந்தது ஒரு சிரிப்பு. மூலை மேசையில் மாஸ்டின் என்ற கிழவர், மன்றத்திலேயே மூத்தவர், வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அட, இதுதானாம்மா? இது எங்களுக்கு அப்பவே தெரியுமே. ஸ்டேஷன்ல டிக்கெட் கொடுத்தது என் மச்சான்தான். ரெண்டு பேரும் ஒண்ணா வாங்கினாங்க.”

“நானும் போயிருக்கேன்,” என்றார் இன்னொருவர். “வேற ஊருக்கு. எனக்குப் பணியாரம்கூடக் கிடைக்கல.”

“டேய், நீயுமா? நான் ரெண்டு தடவை போனேன்!”

கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. யாரோ மேசையைத் தட்டினார்கள். பாவம் ஹைடன், இத்தனை வருஷமா நெஞ்சுக்குள்ளயே வெச்சிருந்தானா என்று யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். மாஸ்டின் தெல்மாவுக்கு விளக்கமாகச் சொன்னார், குழந்தைக்குச் சொல்வது போல, அன்பாகவே:

“நாங்கள்லாம் திரும்பி வந்துட்டோம்ல. திரும்பி வந்தவன் நம்ம பையன். இட்வல் வரலையேம்மா.”

ஒருவன்மேல் கல்லெறிய வந்தவள் தெல்மா. கல்லுக்கு உரியவர்கள் நாற்பது பேர், புதினாச் சாறும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். போனது குற்றமில்லை. கூலிகூடக் குற்றமில்லை. இவர்களால் ஆக முடியாததை இட்வல் ஆகிவிட்டார். அதற்குத்தான் அன்று மழையில் நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு அதற்கு விதி என்று பேர் வைத்தார்கள்.

ஹைடன் பெவனைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் சிரிக்காதவன் அவன் ஒருவன்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும் என்பது அவனுக்கும் இப்போதுதான் தெரிகிறது. பயந்து பயந்து கதவைக் காத்தானே, எதற்கு? அன்று கையை எடுத்து நண்பனை உள்ளே விட்டிருந்தாலும் ஒரு பயல் ஒன்றும் கேட்டிருக்கமாட்டான். இவ்வளவு பெரிய அடியை அவனுக்குக் கொடுக்கத் தெல்மாவால்கூட முடிந்திருக்காது. அவன் ஊர்க்காரர்களே, சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.

அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. வரும் என்று ஒரு கணம் காத்துக்கூடப் பார்த்தாள்.

குடுவையை எடுத்துக்கொண்டாள். கிழவர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். மைதானத்துக்கு ஊர்வலமாகப் போவதாக ஏற்பாடு. பாடகர் குழு கனைத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

“யாரும் வரவேண்டாம்,” என்றாள் தெல்மா. “அவர் கேட்டாரு, அதனால இங்க விடறேன். உங்களுக்காக இல்ல. ஒருத்தர் அந்தப் புல்லுல காலை வெச்சாலும் இதை அப்படியே ஊருக்குத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். கூடத்துக்கும் அவர் பேர் வேண்டாம். உங்கள்ல யாராவது திரும்பி வந்தவன் பேரை வெச்சுக்குங்க.”

சிரிப்பு நின்றது. மாஸ்டின் ஏதோ சொல்ல வந்தார்; அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஹைடன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“நான் மட்டும் வரட்டுமா? கோட்டுக்கு வெளிய நிக்கறேன்.”

“முடியாது.”

தாயும் மகனும் மைதானத்தைக் கடந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. கோல் கம்பத்தடியில் புல் மெலிந்து மண் தெரிந்தது. தெல்மா மூடியைத் திறந்து கொஞ்சம் கொட்டினாள். காற்று பாதியை எடுத்து அவள் கறுப்புக் கோட்டின்மேல் போட்டது. ரஸ்ஸல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பா இதைப் பார்த்தா வருத்தப்படுவார்ம்மா.”

“படட்டும். மன்னிக்கிற வேலையெல்லாம் அவரே பார்த்துக்கிட்டாரு. எனக்கு மிச்சம் வெச்சது இதுதான்.”

திரும்பிப் பார்த்தாள். மன்றத்தின் நீண்ட கண்ணாடி ஜன்னல் முழுக்க முகங்கள். சின்னம் வைத்த கோட்டுகள், வெள்ளைத் தலைகள், அசையாமல். ஒவ்வொன்றாகத் தேடினாள்.

“அந்தப் பெவன் எங்கே?”

“உள்ள உக்காந்திருக்கார். முதுகு தெரியுது.”

“போய் ஜன்னல்கிட்ட வரச் சொல்லு.”

“அம்மா, போதும்மா.”

“பார்க்கச் சொல்லு, ரஸ்ஸல். அன்னிக்கு உங்கப்பாவோட கண்ணைப் பார்க்காம நின்னான். இன்னிக்குப் பார்க்கணும்.”

ரஸ்ஸல் போனான். தெல்மா குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூறலில் நின்றாள். அவசரம் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துவந்து ஹைடன் பெவனைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் தலை நிமிரும்வரை அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்த பிறகு மீதியைக் கொட்டினாள்.